சட்டைக் கை தெரிகிறது, முகம் தெரியவில்லை: ஒரு படம் நம்மைப் பதற வைப்பது எப்படி?

ஒரு பள்ளிக்கூடத்தில் யாரோ சில்லறைத் திருட்டு செய்துகொண்டிருக்கிறார்கள். போனது பெரிய தொகை ஒன்றும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கக் கிளம்பிய ஓர் ஆசிரியை, கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்த நிமிஷத்திலிருந்து தானே மாட்டிக்கொள்கிறார். 'தாஸ் லேரர்சிம்மர்' என்ற ஜெர்மன் படத்தின் கதை இவ்வளவுதான். 2023 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் திரையிட்டார்கள். அந்த வருஷமே ஜெர்மன் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, நடிகை, படத்தொகுப்பு என்று ஐந்தைத் தட்டிச் சென்றது. 2024 ஆஸ்கரில் சர்வதேசப் படங்களுக்கான இறுதிப் பட்டியலிலும் இருந்தது. இங்கே பலரும் 'தி டீச்சர்ஸ் லவுஞ்ச்' என்ற ஆங்கிலப் பெயரில் பார்த்திருப்பீர்கள்.

பார்த்து முடித்ததும் இரண்டு கேள்வி வரும். "யாருதான் எடுத்தது?" என்பது ஒன்று. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எனக்கு ஏன் இப்படிப் படபடத்தது?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் படம் பதில் சொல்லவில்லை. இரண்டாவதுக்குப் பதில் இருக்கிறது. சினிமா படிப்பவர்கள் முதல் வருஷத்திலேயே கற்றுக்கொள்ளும் ஒரு கருத்து அது. அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம். கதையை முடிவு வரை தொட்டாக வேண்டும் என்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

எந்தக் கதையிலும் என்ன நடந்தது என்பது ஒரு பாதி. நடந்ததில் எவ்வளவை, எந்த நேரத்தில், யார் கண் வழியாகப் பார்வையாளருக்குக் கொடுப்பது என்பது மறு பாதி. நாம் பெரும்பாலும் முதல் பாதியைத்தான் 'கதை' என்கிறோம். இயக்குநர் மண்டையை உடைத்துக்கொள்வது இரண்டாவது பாதிக்காக. ஒரே சம்பவத்தை எல்லாருடைய பக்கத்திலிருந்தும் காட்டலாம்: திருடுபவர் திருடுவதைக் காட்டி, தேடுபவர் தேடுவதைக் காட்டி, சந்தேகத்துக்கு ஆளானவர் வீட்டில் அழுவதையும் காட்டலாம். அல்லது, ஒரே ஒருவர் பின்னாலேயே கேமராவை அனுப்பி, அவர் அறிந்ததை மட்டும் நமக்குக் கொடுக்கலாம். முதலாவதில் படத்துக்கு எல்லா அறைக் கதவும் திறந்திருக்கிறது. இரண்டாவதைக் 'கட்டுப்படுத்தப்பட்ட கதைசொல்லல்' என்பார்கள். டேவிட் போர்ட்வெல், கிறிஸ்டின் தாம்சன் என்ற அமெரிக்கத் திரை ஆய்வாளர் தம்பதி எழுதிய பாடநூல் வழியாக இந்தப் பாகுபாடு உலகம் முழுக்க வகுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதை எளிதாகப் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் காட்சியில் பாத்திரத்துக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியுமா, குறைவாகத் தெரியுமா, அதே அளவா?

நமக்கு அதிகம் தெரிந்தால் ஒரு வகைப் பதற்றம். இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 'லேரர்சிம்மர்' படத்தின் நாயகி லியோனி பெனெஷ் அடுத்த வருஷம் 'செப்டம்பர் 5' என்ற படத்தில் நடித்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினர் பணயக் கைதிகளாகப் பிடிக்கப்பட்ட நாளை, ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சியின் கட்டுப்பாட்டு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்லும் படம். பணயக் கைதிகள் எல்லாரும் மீட்கப்பட்டார்கள் என்று ஒரு செய்தி வருகிறது. அறையில் இருப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். வரலாறு தெரிந்த நமக்கோ அந்தப் பெருமூச்சே வயிற்றைக் கலக்குகிறது. கைதிகளில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை என்பது நமக்குத் தெரியும், அறையில் இருப்பவர்களுக்கு இன்னும் தெரியாது. படம் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. நாம் வெளியிலிருந்து கொண்டுவந்த தகவலே வேலை செய்கிறது.

நமக்குக் குறைவாகத் தெரிந்தால் அது துப்பறியும் கதை. கெட்டிக்கார அதிகாரி முன்கூட்டியே விடையைக் கண்டுபிடித்துவிட்டார். நமக்குக் கடைசி ரீலில்தான் சொல்வார். அங்கே நமக்கு இருப்பது ஆர்வம். பதற்றம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் யாரோ ஒருவர் கையில் விடை பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை இருக்கிறது.

மூன்றாவது வகை, அதே அளவு. பாத்திரத்துக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் பாத்திரம் இப்போதே, இந்தக் காட்சியிலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 'லேரர்சிம்மர்' இந்த மூன்றாவது வகையில் கிட்டத்தட்டப் பிசிறில்லாத படம்.

கார்லா நோவாக் பள்ளிக்குப் புதிதாக வந்தவர். கணக்கும் விளையாட்டும் சொல்லிக்கொடுக்கிறார். பன்னிரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியை. நல்லவர், கொஞ்சம் அதிகமாகவே நல்லவர். திருட்டு விஷயமாகச் சக ஆசிரியர்கள் வகுப்புப் பிரதிநிதிகளை உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். வாயைத் திறந்து பெயர் சொல்ல வேண்டாம், பட்டியலைக் காட்டும்போது தலையை ஆட்டினால் போதும் என்று நைச்சியமாகக் கறக்கிறார்கள். பிறகு வகுப்புக்குள் வந்து, "கட்டாயம் இல்லை, ஆனா மறைக்க ஒண்ணும் இல்லைன்னா பயப்படவும் ஒண்ணும் இல்லை" என்கிற தோரணையில் பையன்களின் பர்ஸைச் சோதிக்கிறார்கள். துருக்கியக் குடும்பத்துப் பையன் அலியின் பர்ஸில் கொஞ்சம் கூடுதல் பணம் இருக்கிறது. பெற்றோரை வரவழைக்கிறார்கள். பரிசு வாங்குவதற்காக வீட்டில் கொடுத்த பணம் அது என்று தெரிகிறது. மன்னிப்பும் இல்லை, முழு விடுவிப்பும் இல்லை. ஒரு சங்கடமான கைகுலுக்கலோடு அந்தக் காட்சி முடிந்துபோகிறது.

இயக்குநர் இல்கெர் சட்டாக் பெர்லினில் துருக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் இஸ்தான்புல் போனார். கூட இருந்து கதை எழுதிய யோஹன்னஸ் டுன்கர் அவருடைய பள்ளித் தோழர். இரண்டு பேரும் இஸ்தான்புல்லில் படித்தபோது வகுப்பில் பர்ஸைச் சோதித்த அனுபவம்தான் இந்தக் காட்சியின் விதை. பையன்கள் பர்ஸைத் திறந்து மேஜையில் வைக்கும் விதத்தில் அது தெரிகிறது. கூச்சமும் எரிச்சலும் கலந்த அந்த உடல்மொழியை நேரில் பார்த்தவர்தான் எழுத முடியும்.

இனி அந்த வீடியோ.

ஆசிரியர் அறையில் காபிக்குக் காசு போடும் உண்டியல் ஒன்று இருக்கிறது. சக ஆசிரியை ஒருவர் அதிலிருந்து சில்லறை எடுப்பதைக் கார்லா தற்செயலாகப் பார்க்கிறார். பிள்ளைகளை மட்டும் ஏன் சந்தேகப்படுகிறோம் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வலுக்கிறது. பர்ஸில் இருக்கும் பணத்தை எண்ணி, பர்ஸைத் தன் ஜாக்கெட்டில் வைக்கிறார். ஜாக்கெட்டை நாற்காலியில் மாட்டுகிறார். மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, கேமராவை ஓடவிட்டு, வெளியே போகிறார். திரும்பி வந்து பார்த்தால் பணம் குறைகிறது. வீடியோவை ஓட்டுகிறார். ஒரு கை ஜாக்கெட்டுக்குள் போகிறது. நட்சத்திர வடிவம் அச்சடித்த சட்டையின் கை. அவ்வளவுதான் சட்டகத்தில் விழுந்திருக்கிறது. முகம் இல்லை.

அறையை விட்டு வெளியே வந்து பார்த்தால், அதே அச்சுப் போட்ட சட்டையில் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார் திருமதி கூன். பல வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர், எல்லாருக்கும் வேண்டியவர். போதாக்குறைக்கு, கார்லாவின் வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரனான ஆஸ்கரின் அம்மா.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கார்லா வெளியே போயிருந்த நேரத்தில், ஆசிரியர் அறைக்குள் நடந்ததை ஐந்து விநாடி காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூன் பணத்தை எடுப்பதைக் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே படம் வேறாகிவிடுகிறது. இது நேர்மையான ஆசிரியைக்கும் பொய் சொல்லும் ஊழியருக்கும் நடக்கும் சண்டை. கார்லா ஜெயிப்பாரா என்று காத்திருப்போம். கூன் கண்ணீர் விடும்போதெல்லாம் நமக்குக் கோபம்தான் வரும். மாறாக, அதே சட்டையில் வேறு யாரோ எடுப்பதைக் காட்டியிருந்தால்? கூன் அப்பாவி, கார்லா கண்மூடித்தனமானவர். ஆஸ்கர் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் நாம் அவன் பக்கம். இரண்டுமே பார்க்கக்கூடிய படங்கள்தான். ஆனால் இரண்டிலும் யார் பக்கம் நிற்பது என்று முதல் அரை மணி நேரத்திலேயே முடிவு செய்துவிட்டு, மிச்ச நேரம் சாவகாசமாக உட்கார்ந்திருப்போம்.

அந்த ஐந்து விநாடியை எடுத்துவிட்டதுதான் படத்தின் மொத்தச் சூட்சுமம். கார்லாவிடம் இருக்கும் அதே சட்டைக் கைதான் நம்மிடமும் இருக்கிறது. கார்லா, விஷயத்தைப் பெரிதாக்காமல் முடித்துக்கொள்ளலாம் என்று கூனிடம் தனியாகப் போய்ப் பேசுகிறார். கூன் மறுக்கிறார். சாதாரணமாக மறுக்கவில்லை, கொதித்துப்போகிறார். குற்றம் செய்தவர் பிடிபட்டால் இப்படித்தான் கொதிப்பார். குற்றம் செய்யாதவர் மீது பழி விழுந்தாலும் இப்படித்தான் கொதிப்பார். கூனாக நடித்த ஏஃபா லோபாவின் நடிப்பை இரண்டாவது தடவை பாருங்கள். எந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாலும் பொருந்துகிற மாதிரி ஒவ்வொரு பார்வையையும் வைத்திருக்கிறார். முதல் தடவை நான் அவரைத் திருடி என்றே நினைத்துப் பார்த்தேன். அடுத்த தடவை அப்படி நினைக்க மனசு வரவில்லை. படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை.

கட்டுப்படுத்துவது என்றால் தகவலைச் சும்மா ஒளித்துவைப்பது என்று தொடக்கத்தில் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. ஒரு பாத்திரத்தின் கூடவே நம்மை நடக்கவிட்டு, அந்தப் பாத்திரத்துக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை மட்டும் கடைசி நிமிஷம் வரை நம்மிடம் மறைத்தால், அது கள்ளாட்டம். 'நாயகனே கொலைகாரன்' வகைத் திருப்பங்கள் பலவும் இப்படித்தான். முதல் தடவை அசரவைக்கும், இரண்டாவது தடவை சீ என்று இருக்கும். நேர்மையான கட்டுப்பாட்டில், பாத்திரத்துக்கும் நமக்கும் ஒரே எல்லைக்கோடு. இந்தப் படம் திருட்டு விஷயத்தில் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை.

எல்லையைக் காப்பது எழுத்தால் மட்டும் நடக்காது. பார்ப்பதும் கேட்பதும் அதற்கு உடந்தையாக இருக்க வேண்டும். ஒளிப்பதிவாளர் யூடித் கௌஃப்மான் இன்றைய அகலத்திரையை விட்டுவிட்டு, பழைய தொலைக்காட்சிப் பெட்டி மாதிரி ஏறக்குறைய சதுரமான சட்டகத்தை எடுத்துக்கொண்டார். கார்லா சட்டகத்தின் நடுவில் இருந்தால், இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தாழ்வாரத்தில் அவர் வேகமாக நடக்கும்போது கேமரா முதுகுக்குப் பின்னாலேயே போகிறது. எதிரே யார் வருகிறார்கள் என்று அவர் பார்க்கும்போதுதான் நாமும் பார்க்கிறோம். கார்லாவின் வீடு எங்கே இருக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள், ராத்திரி தூங்கினாரா, சாப்பிட்டாரா, எதுவும் காட்டப்படுவதில்லை. கதை பள்ளியிலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. மார்வின் மில்லரின் இசை பெரும்பாலும் வாத்திய நரம்புகளைச் சுண்டுகிற சத்தம்தான், மெட்டு என்று வளரவிடுவதே இல்லை.

இங்கே நம் பார்வையாளர்களுக்கு ஒரு இடம் உறுத்தும். "வீடியோ எடுத்தது அவ்வளவு பெரிய குத்தமா?" திருட்டைப் பிடிக்கத்தானே எடுத்தார்? ஆனால் படத்தில் சக ஆசிரியர்கள் கூன் மேல் காட்டும் கோபத்துக்குக் குறையாத கோபத்தைக் கார்லா மேல் காட்டுகிறார்கள். எங்கள் ஓய்வறையில் எங்களுக்குத் தெரியாமல் கேமராவை ஓடவிட்டாயா என்று. பேருந்து முதல் மளிகைக் கடை வரை சிசிடிவிக்குப் பழகிப்போன கண்ணுக்கு இது மிகையாகத் தெரியலாம். ஜெர்மனியில் அது மிகையில்லை. ஹிட்லர் காலத்துக் கெஸ்டபோ, பிறகு கிழக்கு ஜெர்மனியின் ஷ்டாசி என்று ரகசியப் போலீஸை வைத்து, பக்கத்து வீட்டுக்காரரே உளவு சொன்ன இரண்டு ஆட்சிகளை ஒரே நூற்றாண்டில் பார்த்த நாடு. 1983இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எதிராக வழக்குப் போட்டு, தன்னைப் பற்றிய தகவலை என்ன செய்வது என்று முடிவு செய்யும் உரிமை அந்தந்த மனிதருக்கே உண்டு என்று அரசியல் சாசன நீதிமன்றத்திடம் தீர்ப்பு வாங்கினார்கள். 2010இல் கூகுள் தெருப்படம் எடுக்க வந்தபோது, எங்கள் வீட்டை மங்கலாக்கு என்று சுமார் 2,44,000 பேர் விண்ணப்பம் கொடுத்தார்கள். வீட்டின் முன்பக்கச் சுவருக்கே இந்தப் பாடு. கார்லா செய்தது சக ஊழியர்களின் தனிமனித உரிமையில் கைவைப்பது. அவருக்குக் கிடைத்த ஒரே சாட்சியமே அவர் செய்த தவறுக்கும் சாட்சியம்.

இந்தப் பின்னணி தெரிந்தால் பதற்றம் இரட்டிப்பாகிறது. வீடியோவைக் காட்டினால் கார்லா மாட்டுவார், காட்டாவிட்டால் அவர் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். கூனைப் பணியிலிருந்து ஒதுக்கிவைத்துவிட்டு விசாரணை போலீஸ் கைக்குப் போனதும், நிர்வாகத்துக்கு ஒரே பல்லவிதான்: விசாரணை நடக்கிறது, எதுவும் பேசக்கூடாது. ஆக, பெற்றோருக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது, ஆஸ்கருக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு துண்டு மட்டும் தெரியும். பெற்றோர் கூட்டத்துக்கு நடுவில் கூன் வந்து நிற்கும்போது, கார்லா வாயைத் திறக்க முடியாமல் வெளியே ஓடி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மூச்சு விட்டு விட்டுத் தன்னை அடக்குகிறார். அந்தக் காட்சியில் நாமும் கொஞ்ச நேரம் மூச்சுவிட மறந்துதான் போகிறோம்.

ஒரு பாத்திரத்தோடு நம்மைக் கட்டிப்போடுவதில் இரண்டு அளவு இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் படம் பார்ப்பது இன்னும் சுவாரசியமாகும். ஒன்று வீச்சு: எத்தனை பேருக்குத் தெரிந்ததை நாமும் அறிகிறோம்? இன்னொன்று ஆழம்: அந்த ஆளின் மண்டைக்குள் எவ்வளவு தூரம் போகிறோம்? வீச்சில் 'லேரர்சிம்மர்' மிகக் குறுகலான படம், கார்லா ஒருவர்தான். ஆனால் ஆழம்? அங்கேயும் கஞ்சத்தனம்தான். கார்லாவின் மனக்குரல் ஒலிப்பதில்லை, பழைய நினைவுகள் இல்லை. போலந்து வேர் உள்ளவர் என்பதுகூட ஓரிரு பேச்சில்தான் தெரிகிறது. சக ஆசிரியர் ஒருவர் போலிஷில் பேச்சுக் கொடுக்கும்போது, ஜெர்மனிலேயே பேசலாமே என்று நெளிகிறார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. ஒருவரோடு ஒட்டியே இருக்கிறோம், ஆனால் அவரை நமக்கு முழுசாகத் தெரியாது.

ஓர் இடத்தில் மட்டும் படம் அவர் தலைக்குள் நுழைகிறது. பார்க்கிற எல்லார் உடம்பிலும் அதே நட்சத்திரச் சட்டை. சந்தேகம் முற்றினால் கண் என்ன காட்டும் என்பதைச் சில விநாடியில் சொல்லிவிட்டுச் சட்டென்று வெளியே வந்துவிடுகிறது. இந்தக் காட்சி தேவையா என்று எனக்கு அப்போதும் கேள்வி இருந்தது, இப்போதும் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெளியிலிருந்தே காட்டி ஜெயித்த படம், இங்கே மட்டும் கொஞ்சம் விளக்கவுரை எழுதிவிட்டது. அதேபோல, மாணவர் பத்திரிகை நடத்தும் பிள்ளைகள் கார்லாவைப் பேட்டி எடுக்கும் காட்சி விறுவிறுப்பானதுதான். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் பேசுவது முப்பது வருஷ அனுபவமுள்ள செய்தியாளர் பேசுவது போல் இருக்கிறது. சிரிப்பு வந்தது.

கணக்கு வகுப்புக்கு வருவோம். படத்தின் தொடக்கப் பகுதியில், 0.999... என்று முடிவில்லாமல் போகும் எண்ணும் 1 என்பதும் ஒன்றா, வேறு வேறா என்ற கேள்வி வகுப்பில் வருகிறது. ஒன்று என்று தோன்றுகிறது என்று சொல்வது வெறும் கூற்று; படிப்படியாகக் காட்டுவதுதான் நிரூபணம் என்ற பாடம். தெரியாதவர்களுக்காக அந்த நிரூபணத்தின் எளிய வடிவம்: ஒன்பதில் ஒன்று என்பது 0.111... இரண்டு பக்கத்தையும் ஒன்பதால் பெருக்குங்கள். ஒரு பக்கம் 1, மறு பக்கம் 0.999... ஆகவே இரண்டும் ஒன்றே. இடையில் ஒரு படியையும் தாண்டவில்லை.

இதை ஏன் ஒரு திருட்டுக் கதையில் வைத்தார்கள் என்பது வீடியோ காட்சி வந்ததும் புரியும். சட்டைக் கை ஒன்று தெரிகிறது, அதே சட்டையைக் கூன் போட்டிருக்கிறார், ஆகவே எடுத்தது கூன். நடுவில் எத்தனை படி விட்டுப்போயிருக்கிறது? அதே சட்டை வேறு யாரிடமும் இல்லையா? அந்த நேரத்தில் அறைக்குள் போனவர்கள் யார் யார்? பணத்தைத்தான் எடுத்தாரா? வகுப்பறையில் நிரூபணம் கேட்கும் ஆசிரியை, ஆசிரியர் அறையில் கூற்றை வைத்துக்கொண்டு நடக்கிறார். இதை அவருக்கு யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. நமக்கும் படம் சுட்டிக்காட்டவில்லை. ஆனால் கார்லாவைவிட நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் உட்கார்ந்து யோசிக்கலாம், அவர் அடுத்த மணி அடித்ததும் வகுப்புக்குப் போக வேண்டும்.

பெனெஷ் நடித்த இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்தால் இந்த உத்தியின் விலை என்ன என்று புரியும். மிக்கேல் ஹானெகேயின் 'வெள்ளை ரிப்பன்'. 2009இல் கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப் பனை வாங்கியது. பெனெஷுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த ஆரம்பகாலப் படம். முதலாம் உலகப் போருக்குச் சற்று முன், ஒரு வட ஜெர்மன் கிராமத்தில் யாரோ கொடூரமான காரியங்கள் செய்கிறார்கள். ஊர்ப் பள்ளி ஆசிரியர், வயதான பிறகு, அதை நினைவுகூர்ந்து சொல்கிறார். தான் சொல்வதெல்லாம் உண்மைதானா என்று தனக்கே உறுதியில்லை, பலவும் கேள்விப்பட்டதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அங்கேயும் குற்றவாளி யார் என்று கடைசி வரை உறுதி கிடையாது. ஆனால் படம் மருத்துவர் வீட்டுக்குள் போகிறது, பாதிரியார் வீட்டுக்குள் போகிறது, ஆசிரியர் பார்த்திருக்கவே முடியாத அறைகளுக்குள் எல்லாம் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. வீச்சு அகலம். இத்தனை பார்த்தும் விடை தெரியாதபோது, நமக்கு அந்த ஊர் மேலேயே ஒரு பயம் வருகிறது. 'லேரர்சிம்மர்' ஒரே ஆள் வழியாகப் போவதால், பயம் ஊர் மேல் விழாமல் அந்த ஒரே ஆள் தோள் மேல் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு படமும் ஒரே கேள்வியை மறைக்கின்றன. மறைக்கும் விதம் மாறியதும், நம் உணர்ச்சி போய் நிற்கும் இடமும் மாறிவிட்டது.

முடிவுக் காட்சியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆஸ்கர் கடைசி வரை அம்மாவுக்காக நிற்கிறான். கார்லா எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான். தன் சேமிப்புப் பணத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறான். கடைசியில் லேப்டாப்பையே பிடுங்கி, தடுக்க வந்த கார்லாவை அதனால் அடித்துவிட்டு, கொண்டுபோய் ஆற்றில் எறிகிறான். இடைநீக்கம் செய்தும் பள்ளிக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான். எழுந்திருக்க மறுக்கிறான். மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கார்லா அவனோடு தனியாக உட்காருகிறார். அவர் முன்பு கொடுத்த ரூபிக்ஸ் கனசதுரத்தை எடுத்து, சரசரவென்று வரிசைப்படுத்தி முடிக்கிறான். பேச்சு கிடையாது.

அதற்குப் பிறகு, படம் முழுக்கக் கார்லா முதுகுக்குப் பின்னாலேயே சுற்றிய கேமரா அவரை விட்டுவிடுகிறது. ஆள் இல்லாத வகுப்பறைகள், தாழ்வாரங்கள். பிறகு, நாற்காலியோடு ஆஸ்கரைத் தூக்கிக்கொண்டு போகும் போலீஸ்காரர்கள். பல்லக்கில் போகும் ராஜாமாதிரி அவன் உட்கார்ந்திருக்கிறான். பின்னணியில் மெண்டல்சோனின் இசை. ஒன்றரை மணி நேரமாக ஒருவரோடு கட்டிப்போட்டிருந்த கயிறு அவிழ்ந்துவிட்டது, இனி படம் எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரை வேண்டுமானாலும் காட்டலாம். அப்போதும் திருட்டைப் பற்றி ஒரு துளி கூடச் சொல்லவில்லை. கட்டுப்பாட்டை நீக்கிய பிறகும் விடை தராமல் விடுவது துணிச்சலான காரியம். இதை ஏமாற்று வேலை என்று திட்டுபவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படம் யார் எடுத்தது என்பதைக் கண்டுபிடித்துத் தருவதாக எந்த இடத்திலும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அந்த எதிர்பார்ப்பு துப்பறியும் கதைகளைப் பார்த்துப் பார்த்து நாமே கொண்டுவந்தது.

மறுபடி பார்க்க உட்கார்ந்தால் கூனை விட்டுவிட்டு அந்தக் காபி உண்டியல் காட்சியைக் கவனியுங்கள். படத்தில் முகத்தோடு சேர்த்து நாம் பார்க்கும் திருட்டு அது ஒன்றுதான். அதை எடுத்த ஆசிரியை தொடர்ந்து அறைக்கு வருகிறார், போகிறார், மற்றவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார். அவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.